முதலில் தூரம், பிறகு வேகம்

1991 நவம்பர் 12, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. ஆவடியில் ரயில் தாமதம். அம்பத்தூரில் இறங்கி தொழிற்பேட்டை வரை முழங்கால் தண்ணீர். செருப்பு போச்சு.

மேனேஜர் கூப்பிட்டார். எங்கள் ட்ரில் மெஷின்களுக்காக நாங்களே உண்டாக்கிய கம்ப்யூட்டர் மொழி, வயது இரண்டு. அதோடு தரும் ரெடிமேட் கட்டளைகளைச் சுலபமாக்க வேண்டுமாம். "எட்டாவது படிச்ச ஆபரேட்டருக்கும் புரியணும்மா." இப்போதுதான் ஞானோதயம்.

செய்ய வேண்டியவை:
– பெயர்களைச் சுருக்கக் கூடாது.
– எர்ரருக்கு நம்பர் வேண்டாம், வாக்கியம்.
– நகர்த்தும் 'மூவ்', துளையிடும் 'ட்ரில்', இரண்டு கட்டளையும் ஒரே வரிசைக்கு வர வேண்டும். மூவில் தூரம் முதலில், வேகம் பிறகு. ட்ரில்லில் தலைகீழ். இரண்டும் நான் எழுதியவை, வேறு வேறு மாதங்களில்.

மூன்றாவதை எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிட்டேன்.

நவ. 13, புதன்

மழை விட்டது. அம்மா சாம்பார் ஊற்றும்போது அவள் விரல்களை எண்ணினேன். ஜூலையிலிருந்து இந்தப் பைத்தியம். யார் கையைப் பார்த்தாலும்.

ஜூலையில் ஆபரேட்டர் ஏகாம்பரம் அண்ணன் மூவ் நினைப்பில் ட்ரில்லுக்கு எண்களை மாற்றிக் கொடுத்துவிட்டார். மெல்ல இறங்க வேண்டிய துளை முனை ஒரே பாய்ச்சலில் இறங்கியது. வலது கையில் இரண்டு விரல். 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்று எழுதி, அவரை ஸ்டோர்ஸுக்கு அனுப்பினார்கள்.

ஜூனிலேயே என் மேஜையில் ஒரு சீட்டு வைத்திருந்தார். 'ரெண்டும் குழப்புது, மாத்திக் குடும்மா.' மேனுவலைப் பார்க்கத் தெரியாதா என்று சலித்துக்கொண்டு டிராயரில் போட்டேன். இப்போது இந்த டைரியின் பின்னட்டைக்குள் இருக்கிறது. விசாரணையில் நான் வாயே திறக்கவில்லை.

நவ. 14, வியாழன்

ட்ரில்லை மாற்றிவிட்டேன். இரண்டிலும் தூரம் முதலில். பத்து நிமிஷ வேலை. பத்தே நிமிஷம்! பாத்ரூமில் போய் அழுதேன்.

ஃப்ளாப்பி வாங்க ஸ்டோர்ஸ். ஏகாம்பரம் அண்ணனிடம் சொன்னேன். யோசித்தார். "அப்போ பழைய ப்ரோக்ராம போட்டா இன்னாம்மா ஆவும்? அதுல வேகந்தானே முன்னாடி கீது?"

ஓடும். ஒரு வார்த்தை கேட்காமல் தப்பாக ஓடும். இன்னொருவர் கை.

நவ. 15, வெள்ளி

ட்ரில் என்ற பெயரையே எடுத்துவிட்டேன். இனி 'ஹோல்'. பழைய ப்ரோக்ராம்கள் ஓடாது, நின்றுவிடும்.

மேனேஜர்: "எல்லாத்தையும் திருப்பி எழுதணுமா? கஸ்டமர் கத்துவான்மா."

"கத்தட்டும் சார்." பேசியது நான்தானா?

நவ. 16, சனி

மறுபடி தூறல். சோதித்துப் பார்க்க ஏகாம்பரம் அண்ணனையே கூப்பிட்டேன். பழைய ஃப்ளாப்பியைப் போட்டார். மெஷின் அசையவில்லை. 'ட்ரில் இல்லை, ஹோல் என்று எழுதவும். முதலில் தூரம், பிறகு வேகம்' என்று திரை சொன்னது. மிச்சமிருக்கும் விரல்களால் எழுத்தெழுத்தாகத் தட்டினார். முனை மெல்ல, மெல்ல இறங்கியது.

"சோக்கா கீதும்மா."

பிறகு, என்னைப் பார்க்காமல்: "ஜூன்ல உன் மேஜ மேல ஒரு சீட்டு வச்சேனே. பாத்தியா?"

"கிடைக்கலையே அண்ணே."

"அதான் நானும் நெனச்சேன். கெடச்சிருந்தா நீ சும்மா வுட்டிருப்பியா?"