ஓக் கதவின் தாழ்ப்பாள்

சிராங்கூன் சாலை,
சிங்கப்பூர்.
14.5.1957

அன்பு மகள் அன்னம்மாவுக்கு அப்பா ஆசியுடன் எழுதுவது. நான் உயிரோடு, காயம் எதுவும் இல்லாமல் இருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை அனுப்பிய தந்தியில், 'உடனே வீட்டை விட்டுப் போ' என்பதற்கு மேல் எழுத முடியவில்லை. நீ பத்திரமான இடத்துக்குப் போய்விட்டதாக உன் சித்தப்பாவின் பதில் தந்தி நேற்று வந்தது. இந்தக் கடிதத்தை ஈப்போவில் அவர் வேலை பார்க்கும் பள்ளிக்கூட முகவரிக்கு அனுப்புகிறேன். அவர் உன்னிடம் சேர்ப்பார். மனம் தடுமாறுவதால் வரிசை போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

1. கதவின் தாழ்ப்பாள் எப்படிக் கழன்றது.
2. அப்துல் அலீம் பாய்க்கு என்ன ஆயிற்று.
3. மாப்பிள்ளை இப்போது எங்கே.
4. நீ செய்ய வேண்டியது.

முதலாவது. இந்தக் கதவை நீ பார்த்ததில்லை. ஜனவரியில் மாப்பிள்ளை முறித்த கையோடு நீ ரயிலேறிய மறுவாரம், டாங்லினில் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவை இடிப்பதாகக் கேள்விப்பட்டுப் போய் வாங்கினேன். சீமையிலிருந்து கப்பலில் வந்த ஓக் மரம். இரண்டு அங்குலக் கனம். நம் மாடிக்கு ஏற்ற நான்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். முப்பது வருஷம் கட்டட அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த எனக்கு ஒரு விஷயம் தெரியும். ஓக்கில் ஒரு புளிப்புச் சத்து உண்டு. நம் ஊர் ஈரக் காற்றில் அது இரும்பைத் தின்றுவிடும். பித்தளைத் திருகாணிதான் போட வேண்டும். கீழ்வீட்டில் ஆணி, பூட்டு விற்கும் அலீம் பாயும் அதையேதான் சொன்னார். ஆனால் அன்று அவர் கடையில் பித்தளை இல்லை. இரும்பையே வாங்கித் தாழ்ப்பாளைப் பொருத்தினேன். நான்கு மாதத்தில் ஆணிகளைச் சுற்றி மரம் மை கொட்டியதுபோல் கறுத்தது. மாற்ற வேண்டும் என்று நினைத்து நினைத்தே நாளைக் கடத்திவிட்டேன்.

சனிக்கிழமை பகல் மூன்று மணிக்கு மாப்பிள்ளை தான் வேலை பார்க்கும் காலாங் மரக்கிடங்கிலிருந்து கோடாலியோடு நேராக வந்தார். கதவைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். “என்ன மாமா, பேங்குக் கதவு போட்டிருக்கீங்க? உள்ளார தங்கமா வச்சிருக்கீங்க?” என்றார். நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். தெரியாது என்றேன். பிறகு கோடாலி இறங்கியது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன், வேறெதுவும் செய்யத் தோன்றவில்லை. பதினேழு வெட்டு. ஒவ்வொன்றுக்கும் சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. உன் அம்மாவின் படம் விழுந்து கண்ணாடி நொறுங்கியது. உன்னைக் கண்டுபிடித்தால் என்ன செய்வேன் என்று சொல்லிச் சொல்லி வெட்டினார். அந்த வார்த்தைகளை எழுத மாட்டேன். பலகை பிளக்கவில்லை. பதினேழாவது வெட்டில் தாழ்ப்பாள் கழன்றது. உள்ளே வந்து, பெட்டியில் இருந்த உன் கடிதத்தை எடுத்துக்கொண்டார். உறையின் பின்புறம், ஈப்போவில் நீ தங்கியிருந்த சித்தி வீட்டு முகவரி இருந்தது.

இரண்டாவது. சத்தம் கேட்டு அலீம் பாய் ஒரு இரும்புக் குழாயோடு படியேறி வந்தார். கடிதத்தைப் பிடுங்கக் கை நீட்டினார். மாப்பிள்ளை கோடாலியை வீசினார். பாயின் வலது கையில் இரண்டு விரல்கள் துண்டாகிப் படியில் விழுந்தன. தோளில் இன்னொரு வெட்டு. அவர் சாய்ந்த பிறகும் விலாவில் மூன்று முறை உதைத்துவிட்டுத்தான் இறங்கிப் போனார். என் வேட்டியைக் கிழித்துக் கட்டினேன். கட்டக் கட்ட நனைந்தது. நேற்று ஆஸ்பத்திரியில் பாய் கண் விழித்து என்னைத்தான் கூப்பிட்டார். “கிராணியாரே, கதவு நல்லாயிருக்குல்ல? இனிமே எட்டு வெரல்லதான் உங்களுக்கு ஆணி எண்ணிக் குடுக்கணும்” என்றார். அவர் மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், தான் விற்ற ஆணிதான் துருப்பிடித்துக் கைவிட்டுவிட்டது என்கிறார் பாய்.

மூன்றாவது. போலீஸ் தேடுகிறது. வடக்கே போகும் ரயிலில் தனசேகரனைப் பார்த்ததாகக் கிடங்கில் ஒருவர் சொல்கிறார். ஜொகூரில் பார்த்ததாக இன்னொருவர். எதையும் உறுதியாக எழுத எனக்குத் துணிவில்லை. இதுவரை மாப்பிள்ளை என்றே எழுதி வந்திருக்கிறேன். கை பழகிவிட்டது.

நான்காவது. சித்தி வீட்டுக்குத் திரும்பாதே. உன் கைக்குக் கட்டுப் போட்ட டாக்டரின் சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். அங்கே போலீசில் காட்டி எழுதிக் கொடு. புது முகவரியை எனக்கு எழுதாதே. என் கையெழுத்தில் நானே கேட்டாலும் சொல்லாதே.

இத்துடன் முடித்து உறையில் போட்டேன். ஒட்டுவதற்கு முன் எழுந்து போய்க் கதவைப் பார்த்தேன்.

முதலாவதாக எழுதியது தவறு, அன்னம்மா. திருகாணிகள் பித்தளைதான். பாய் எண்ணிக் கொடுத்த பன்னிரண்டில் ஒன்றுகூட அசையவில்லை. என் மானத்தைக் காப்பாற்ற அவர் சொன்ன பொய்யை நானும் பிடித்துக்கொண்டேன். பதினேழாவது வெட்டில் கோடாலி பலகையில் சிக்கிக்கொண்டது. அதைப் பிடுங்கி எடுப்பதற்குள் தனசேகரனுக்கு மூச்சு வாங்கியது. பிறகு மெதுவாகக் கூப்பிட்டார்.

“மாமா, கதவத் தொறங்க. அவ லெட்டரு போட்டிருப்பால்ல, அத மட்டும் குடுங்க. போயிடுறேன்.”

அந்தக் குரலை நீ அறிவாய். இனிமேல் கை வைக்க மாட்டேன் என்று இரண்டு முறை அதே குரலில்தான் சொன்னார். இரண்டு முறையும் உன்னை அவருடன் அனுப்பி வைத்தது நான்.

தாழ்ப்பாளை நான்தான் நீக்கினேன். உன் கடிதத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் கொடுத்தேன். அதைப் பார்த்துக்கொண்டேதான் பாய் படியேறி வந்தார்.

நான்காவதாக எழுதியது மட்டும் சரி. எந்த ஊரில் இருந்தாலும் நன்றாக இரு, அம்மா. எந்த ஊர் என்று எனக்குத் தெரிய வேண்டாம்.

உன் அப்பா,
பரமசிவம்