கைப்பிடித் தண்டுகள்

செப்டம்பர் 14
பாசி வெட்டும் பாறைகளுக்கான சீட்டுக் குலுக்கலில் எனக்குக் கடைவாய்ப் பாறை விழுந்தது. செங்குத்து மலைக்கு நேர் கீழே, பசிபிக் வந்து அறைகிற இடம். ஆனால் அங்கே கொச்சாயுயோ பாசி தடித்த தண்டோடு ஆள் நீளத்துக்கு வளரும். இந்த வருஷம் பிழைத்துக்கொள்வேன். கொழுந்தன் நிபால்தோவுக்கு மொட்டைப் பாறை. "அண்ணனையும் முழுங்கியாச்சு, நல்ல பாறையும் உங்களுக்கா அண்ணி?" என்று எல்லார் முன்னாலும் கேட்டான். போடா என்றேன்.

டிசம்பர் 2
கடல் உள்வாங்கிய வற்றத்தில் இறங்கினேன். பாதிப் பாசி காணோம். வெட்டு புதுசு.

டிசம்பர் 4
விடியும்போதே மலை விளிம்பில் படுத்துக் காத்திருந்தேன். நிபால்தோதான். கத்தினேன். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். "கடலுக்கு வேலியா போட்டிருக்கீங்க அண்ணி?" கல்லெடுத்து எறிந்தேன். அது அவன்மேல் படாதது இப்போதும் எரிச்சலாக இருக்கிறது.

டிசம்பர் 5
சங்கத் தலைவி ஓர்மெசிந்தாவிடம் முறையிட்டேன். "வீட்டுச் சண்டைய வீட்டோட வச்சுக்கோ, எதுவினா" என்று என் பேரைச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

டிசம்பர் 9
எழுதிவிடுகிறேன். ஒவ்வொரு பாறையிலும் கரைப்பக்கம் ஒரு வரிசைத் தண்டை யாரும் வெட்ட மாட்டோம். அதுதான் கைப்பிடி; அலை இழுத்துப் போட்டால் அதைப் பிடித்துத்தான் மேலே ஏற வேண்டும். திருடன்கூட அதில் கத்தி வைக்க மாட்டான். என் பாறையில் பன்னிரண்டு இருந்தன. எல்லாவற்றையும் அடியோடு அறுத்துக் கடலில் வீசினேன். பார்த்தால் பயந்து திரும்பிப் போவான் என்றுதான் — அதற்காகத்தானா?

டிசம்பர் 11
பெரிய அலைகள். கூழாங்கற்கள் இரைந்துகொண்டே இருந்தன, மலையிலிருந்து மண் சரிந்தது. மலை விளிம்பிலிருந்து பார்த்தேன், இதிலும் நிபால்தோ வந்திருந்தான். நுரையில் எதையும் கவனிக்கவில்லை. அலை அவனை வழித்துக்கொண்டு போனது. நீந்திக் கரைப்பக்கம் வந்து கையால் தடவினான். ஐயோ, அங்கே ஒண்ணும் இல்லடா! அடுத்த அலை அவனைப் பாறையில் மோதியது. இன்னொன்று. மறுபடியும் அதே இடத்தைத் தடவுகிறான். சறுக்கிக்கொண்டே இறங்கி ஓடினேன். பாறை இடுக்கில் விரல்களை மாட்டிக் குப்புறப் படுத்துக் காலை நீட்டினேன். கணுக்காலைப் பிடித்தான். எனக்கு மூன்று நகம் போனது. அவன் வலது கை கூழாகிவிட்டது.

டிசம்பர் 12
கணுக்காலில் ஐந்து விரல் தடம், கறுப்பாக.

ஜனவரி 6
அவன் வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஓர்மெசிந்தா கேட்டாள்: "கைப்பிடி என்னடா ஆச்சு?"

"கடல் பிச்சிட்டுப் போயிருச்சு." என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

கடல் பிய்த்தால் நார் நாராக இருக்கும், கத்தி வெட்டு வழவழவென்று இருக்கும். தடவியவனுக்குத் தெரியாதா?

செப்டம்பர் 13
இந்த வருஷக் குலுக்கல். கடைவாய்ப் பாறை நிபால்தோவுக்கு. பல்லால் சீட்டைப் பிரித்துப் பார்த்தான். இடது கையால் என்னிடம் நீட்டினான்.

"எனக்காக நீங்க இறங்குங்க அண்ணி. ஆளுக்குப் பாதி. எந்த இடத்துல கைப்பிடி இல்லன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

வாங்கிக்கொண்டேன். நவம்பரில் இறங்க வேண்டும். அந்த வரிசை மறுபடி வளர இன்னும் ஒரு வருஷமாவது ஆகும்.