செங்கமலம், 118/76

ஜூன் 12, வியாழன்

மருமகள் ஷர்லி புதுக்கோட்டையில் இரண்டு நாள் பயிற்சி முடித்து வந்தாள். ஏஐ பற்றி. இவள் கிராம சுகாதார நர்ஸ். ஜூலையில் வட்டாரத்து நர்ஸுகள் இருபத்திரண்டு பேருக்கு இவளே பாடம் எடுக்க வேண்டுமாம். கொடுத்தனுப்பியது ஒரு சான்றிதழ், ஒரு துணிப்பை, பைக்குள் எண்ணெய் ஊறிய ஒரு சமோசா. பாதி நேரம் போட்டோவுக்கே நிற்கவைத்தார்களாம். "பயப்படாதீங்க, எது கேட்டாலும் சொல்லும்" என்றாராம் பாடம் எடுக்க வந்தவர். பயப்படவேண்டியது எது என்று அவர் சொல்லவில்லை.

அடுப்படியில் என்னை உட்காரவைத்துப் பாடம் நடத்திப் பார்த்தாள். நான் எட்டாவதோடு நின்றவள், மீதி எல்லாம் பேப்பரும் பைபிளும் படித்து வந்தது. ஒன்றே ஒன்று கேட்டேன்: "அதுக்குத் தெரியாததக் கேட்டா என்னத்தச் சொல்லும்?"

யோசித்தாள். "அது அந்த கிளாஸ்ல வரல அத்தை."

ஜூன் 13

சமோசாவை நாய்கூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

ஜூன் 20, வெள்ளி

மனசு கொதிக்கிறது. எழுதினால்தான் ஆறும்.

வீடு வீடாகப் போய்ப் பார்த்த பிரஷரை ஷர்லி போனில் இருக்கும் ஏஐயிடம் வாயால் சொல்கிறாள். அது கட்டம் போட்டு ரிப்போர்ட் ஆக்கிவிடுகிறது; அவரவர் போனுக்கும் ஒரு மெசேஜ் போகிறதாம். "பத்து நிமிஷத்துல அனுப்பியாச்சு அத்தை" என்று பெருமையாகக் காட்டினாள். பதினான்கு பெயர், பதினான்குக்கும் எண். வாசித்துக்கொண்டே வந்தேன். செங்கமலம், ஏழு மாதம், 118/76.

பக்கத்து வீட்டுச் செங்கமலம் செவ்வாய்க்கிழமையே கறம்பக்குடிக்கு ஆத்தா வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் ஆடு என் கொல்லையில்தான் கட்டிக் கிடக்கிறது. இவள் எப்போது பார்த்தாள்?

"நான் பதினொண்ணுதான் சொன்னேன். மூணு வீட்ல ஆள் இல்ல. அதுவா நிரப்பியிருக்கு போல."

"நீ பாக்கலையா?"

"பாக்கல."

"திருத்தி அனுப்பு."

"காலியா விட்டா மேல கேப்பாங்க அத்தை. அடுத்த வாரம் நேர்ல பாத்துச் சரிபண்ணிடுறேன்."

இல்லாத கையைப் பிடித்து, இல்லாத துணியைச் சுற்றி, இல்லாத பிரஷர். அதற்குக் கீழே என் மருமகளின் பெயர். சீ.

ஜூன் 27, வெள்ளி

அந்த அடுத்த வாரம் முடிந்துவிட்டது. கீரமங்கலத்தில் முகாம், மீட்டிங் என்று ஓடினாள். திருத்தவில்லை. நானும் ஒருதரம் சொன்னதோடு விட்டுவிட்டேன். ஏன் விட்டேன்?

ஜூலை 1, செவ்வாய்

செங்கமலம் ஆட்டை ஓட்டிப்போக வந்தாள். முகம் உப்பி, செருப்புக்குள் கால் நுழையவில்லை. மூன்று நாளாகத் தலைவலியாம்.

"ஆஸ்பத்திரிக்குப் போகலையாடி?"

"போகலாம்னுதான் இருந்தேன் பெரியம்மா. எல்லாம் நார்மல்னு போன்ல மெசேஜ் வந்துச்சு. ஷர்லியக்கா அனுப்புனதுதானே, சரியாத்தானே இருக்கும்?"

ஆட்டுக்கயிறு என் கையிலேயே இருந்தது.

ஷர்லியைக் கூப்பிட்டேன். துணியைச் சுற்றிப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். 168/112. 108 ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. கூடவே ஷர்லி போனாள். நான் மாதாவுக்கு முன்னால் முழங்காலில் நின்றேன். ஜெபம் வரவில்லை. அந்த மெசேஜ்தான் திரும்பத் திரும்ப வந்தது.

ஜூலை 3

பெண் குழந்தை. ஒன்றரைக் கிலோ. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். தாய்க்கு வலிப்பு வருவதற்குள் கொண்டுவந்தீர்கள் என்றாராம் டாக்டர். ஆண்டவரே, நன்றி. அதைச் சொல்லவும் கூசுகிறது.

ஜூலை 5, சனி

ஷர்லியை உட்காரவைத்துத் திட்டினேன். சும்மா திட்டினால் போதாது என்று என் நோட்டையும் எடுத்துவந்து அவள் மடியில் போட்டேன். வீட்டுக்காரர் பிரஷர் நோட்டு. காலை ஜெபம் முடிந்ததும் பார்த்து எழுதுவது, நாலு வருஷம், ஒருநாள் காலி இல்லை. "படிக்காதவ எழுதுனது. பாரு!"

அழுதுகொண்டே புரட்டினாள். ஓரிடத்தில் நின்றாள்.

"அத்தை... போன செப்டம்பர் அஞ்சு, ஆறு, ஏழு. நீங்க வேளாங்கண்ணிக்கு நடந்து போயிருந்தீங்கள்ல?"

130/80. 130/80. 130/80. என் கையெழுத்து. என் பச்சை மை.

நான்தான் எழுதினேன். திரும்பி வந்து, மூன்று வரி வெறுமையாகக் கிடந்தது பொறுக்காமல். அவருக்கு எப்போதும் அவ்வளவுதானே இருக்கும் என்று. அதுவும் மாதாவைப் பார்த்துவிட்டு வந்த கால் புண் ஆறுவதற்கு முன்னால்!



ஜூலை 6, ஞாயிறு

பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனம். பாதர் "இது பெரிய பாவமில்லம்மா" என்றார். அவருக்குச் செங்கமலத்தைத் தெரியாது.

ஜூலை 9

ஷர்லி தயங்கித் தயங்கிக் கேட்டாள், என் நோட்டின் அந்தப் பக்கத்தை கிளாஸில் காட்டலாமா என்று. செங்கமலம் வரியையும் காட்டப்போகிறாளாம், தன் பெயரோடு. "என் பேரச் சொல்லாத" என்றேன். பல் விளக்கும்போது மனசு மாறியது. சொல்லிக்கொள் என்றேன்.

ஜூலை 11, வெள்ளி

கிளாஸ் முடிந்து வந்தாள். கொடுத்த ஸ்லைடு எதையும் போடவில்லையாம். முதல் கேள்வியே என் கேள்வி: தெரியாததைக் கேட்டால் என்ன சொல்லும்? எல்லோர் போனிலும் பத்துப் பெயர் கொடுத்து, ஏழு எண் மட்டும் சொல்லச் சொன்னாளாம். ஆறு போனில் பத்துமே நிரம்பி வந்ததாம், அழகாக.

அப்புறம் என் நோட்டு. வனிதா என்று ஒரு மூத்த நர்ஸ், "போன் எதுக்குடி? காலியா விட்டாத் திட்டு விழும்னு நாங்க இருபது வருஷமா இப்படித்தானே நிரப்புறோம். அந்த ஏஐயே நாங்கதான்" என்றாராம். சிரித்தார்களாம். சிரித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லையாம்.

மேற்பார்வைக்கு வந்தவர் கடைசியில், "நல்லவிதமா ஏதாச்சும் சொல்லி முடிங்க மேடம், போட்டோ எடுக்கணும்" என்றாராம். தூ.

ஜூலை 19

ஷர்லிக்கு மெமோ. இந்த வார ரிப்போர்ட்டில் நான்கு கட்டம் நிரப்பப்படவில்லை, விளக்கம் தரவும். விளக்கம் எழுதிக்கொடுத்தாள்: ஆள் இல்லை, பார்க்கவில்லை. சாயங்காலம் அந்த நான்கு வீட்டுக்கும் மறுபடி நடந்தாள். மூன்றில் ஆள் இருந்தது.

ஜூலை 24, வியாழன்

பிரஷர் மெஷினில் பேட்டரி தீர்ந்துவிட்டது. கடை திறக்கவில்லை.

வீட்டுக்காரர் பிரஷர்: பார்க்கவில்லை.