இரண்டு நேர்ச்சை

மண்ணரை, திருப்பூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு, தங்கை ரோஸ்மேரி எழுதுவது. மடத்துக்குள் நீயும் மற்றச் சகோதரிகளும் சுகமாக இருக்க மாதா துணை. நாங்கள் மூவரும் சுகம். உங்கள் மடத்தில் போன் கிடையாது என்பதால்தான் எனக்கு இன்னும் கடிதம் எழுதும் பழக்கம் விட்டுப்போகவில்லை.

டெல்லிப் பக்கம் இருக்கிற அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தில் என் மகள் ஜெனிட்டாவுக்கு இடம் கிடைக்க வேண்டும் என்று போன கடிதத்தில் ஜெபம் கேட்டிருந்தேன் அல்லவா, பதில் வந்துவிட்டது. கிடைத்தது என்றும் இல்லை, கிடைக்கவில்லை என்றும் இல்லை. வெயிட்டிங் லிஸ்ட்டாம். எங்கள் பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் துணி கைக்கு வந்ததும் நன்றாக இருந்தால் பாஸ் என்போம், இல்லையென்றால் தூக்கிப் போடுவோம். இவர்கள் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை முடிவு தெரியும் என்கிறாள்.

கணக்கில் ஐம்பத்தெட்டு வாங்கியவளை வரிசையில் நிற்க விட்டதே பெரிது. மார்க் ஏன் குறைந்தது என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்தார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதச் சொல்லி டீச்சர் யோசனை கொடுத்தாராம். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிற நான் சீக்காளியா? எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நல்லவேளை, இவள் அதை எழுதவில்லை. கணக்கு எனக்குச் சீக்கிரம் வராது, ஆனால் பிடிக்கும், விடமாட்டேன் என்று எழுதிவிட்டாள். இப்படியும் ஒரு பிள்ளையா என்று தலையில் அடித்துக்கொண்டேன். அதற்கும் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள்.

இடம் கிடைத்தால் கோயிலில் எல்லோருக்கும் சோறு போடுகிற அசன விருந்துக்குக் கிடா தருவதாக உவரி அந்தோணியாருக்கு நேர்ந்திருக்கிறேன். பதில் வந்த அன்று ஜெனிட்டா அப்பா முகத்தில் கவலையே இல்லை. விடாமல் கேட்டதில் உண்மை வந்தது. பிள்ளை இங்கேயே படித்தால் வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறேன் என்று மாதாவிடம் நேர்ந்திருக்கிறார் மனுஷன்! சண்டை போட்டேன். "இங்கன காலேஜ் இல்லாமலா கெடக்கு? ஒத்தப் புள்ளைய அனுப்பிட்டு நாம யாரு மூஞ்சியப் பாக்க?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார். அந்தோணியார் ஒரு பக்கமும் மாதா ஒரு பக்கமும் இழுத்தால் பிள்ளை நடுவில்தானே நிற்பாள். சிரிக்காதே அக்கா.

அவர் கேட்டது என் மனதில் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கார ஜானகியம்மாள் நேற்று, "ஏனுங்க, கண்ணுக்குச் சீட்டு கெடைச்சிருமுங்களா?" என்று ஆசையாகக் கேட்டார். கிடைத்துவிடும் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். ஜெனிட்டா போனை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருக்கிறாள், சோறு இறங்கவில்லை. அதைப் பார்த்தால் கிடைத்துவிடட்டும் என்றிருக்கிறது. சடை பின்னச் சொல்லி என் முன்னால் முதுகைக் காட்டி உட்காரும்போது கிடைக்காமல் போகட்டும் என்றிருக்கிறது. அதுவும் போக, யாரோ பெற்ற பிள்ளை வேண்டாமென்று விலகினால்தான் இவளுக்கு இடமாம். அதை எப்படி வேண்டுவது? இன்று பூசையில் முழங்காலில் இருந்துவிட்டு ஒன்றும் கேட்காமல் எழுந்து வந்துவிட்டேன். எனக்கு ஒன்றுமே புரியவில்லை அக்கா.

நீ மடத்தில் சேரக் கிளம்பிய அன்று அம்மா நம் ஊர்க் கோயிலில் வெகுநேரம் முழங்காலிலேயே இருந்தாள். நீ அவள் பக்கத்தில் இருந்தாய். நான் சின்னவள், வெளியே விளையாடிக்கொண்டிருந்தேன். அம்மா அன்று என்ன கேட்டாள்? நீ போக வேண்டும் என்றா, நிற்க வேண்டும் என்றா? உன்னிடம் சொன்னாளா? அவள் உயிரோடு இருந்தால் அவளிடமே கேட்டிருப்பேன்.

இது உன் கைக்கு வரவே வியாழன் ஆகிவிடும். உன் பதில் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அதனால் நான் முன்பு கேட்ட ஜெபத்தை விட்டுவிடு. கிடைக்கட்டும் என்றும் கேட்காதே, வேண்டாம் என்றும் கேட்காதே. சகோதரிகளிடமும் சொல். ஜெனிட்டா என்று அவள் பெயரை மட்டும் சொல்லுங்கள், போதும்.

உன் ஜெபத்தை நம்பியிருக்கும்
தங்கை ரோஸ்மேரி