செங்கல் மாட்ட இடமில்லாத பொய்லர்

என் மேசையில் கம்பி கட்டிய செங்கல் ஒன்று கிடக்கிறது. நேற்று கலவானப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், நீராவிப் பொய்லரை ஓட்டும் பொய்லர்காரர் கையிலிருந்து வாங்கி வந்தேன். பார்க்கப் பார்க்க உன் ஞாபகம்தான். கூடவே பழைய வயிற்றெரிச்சலும். நீ செத்து இரண்டு வருடமாகியும் அது மட்டும் சாகவில்லை, பார்.

ஓப்பநாயக்கவில் தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரே லயத்தில் பிறந்து, ஒரே பட்டறையில் பொய்லருக்குப் படம் வரையச் சேர்ந்தவர்கள் நாம். கணக்கில் நான்தான் கெட்டிக்காரன். பக்கத்துத் தோட்டத்துக்குப் புதுப் பொய்லர் தேவைப்பட்டபோது, முதலாளி இருவரையும் வரையச் சொன்னார். நான் மூன்று நாள் மேசையை விட்டு எழும்பவில்லை. தகட்டின் கனம், வெல்டிங், மிஞ்சும் ஆவியை வால்வு வெளியே விட வேண்டிய அழுத்தம், எல்லாம் அச்சொட்டாக வந்தன. நீயோ மூன்று நாளும் அந்தத் தோட்டத்துப் பொய்லர் அறையில் குந்தி, பிளேன்டீ குடித்துக் கதையடித்தாய்.

கடைசியில் உன் படத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என் கணக்குல என்னடா பிழை?"

"கணக்குல ஒண்ணும் பிழையில்லடா. மழை நாள்ல பறிச்ச கொழுந்து லேசுல வாடாது, வாட்டுறதுக்கு ஆவி கூட வேணும். ஆவி பத்தலன்னு வால்வு கைப்பிடில செங்கல்லக் கட்டித் தொங்க விடுறாங்க, அது தெறக்காம இருக்க. ஒன் வால்வுலயும் தொங்கவிடுவாங்க. அப்புறம் வெடிக்காம என்ன செய்யும்?"

நீ வால்வைப் பூட்டிய கூண்டுக்குள் வைத்து வரைந்திருந்தாய். பொய்லர் வந்து இறங்கிய அன்று, "எந்த மடையன்டா இத வரைஞ்சான்? செங்கல்லு மாட்ட எடமே இல்ல!" என்று அங்கிருந்த பொய்லர்காரர் ஏசினார். நீ கண்ணில் நீர் வரச் சிரித்தாய். அந்த ஏச்சு உனக்குக் கிடைத்ததே என்றுகூட எனக்குப் பொறாமை. ஆறு மாதம் உன்னோடு பேசவில்லை.

உன் செத்த வீட்டுக்கு எங்கெங்கிருந்தோ பொய்லர்காரர்கள் வந்து அழுதார்கள். எனக்கு இத்தனை பேர் வருவார்களா என்று பெட்டிக்குப் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். வெட்கங்கெட்டவன் நான்.

கலவானப் பொய்லர் என் படம். வரையுமுன் நானும் அங்கே மூன்று நாள் குந்தினேன், பிளேன்டீ குடித்தேன். நேற்று அங்குள்ள பொய்லர்காரர் செங்கலோடு பொய்லரை இரண்டு தடவை சுற்றி வந்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"அனே ஐயா, எந்த மடையனுங்க இத வரைஞ்சது? ஒரு செங்கல்லு மாட்ட எடம் வைக்கலியே!"

"நான்தாங்க" என்றேன், வாயெல்லாம் பல்லாக.

உடனே உன்னிடம் ஓடிவந்து சொல்ல வேண்டும் போலிருந்தது. ஒரு தடவையாவது நீ என்னைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும் என்றுதானே இத்தனை வருடம் வரைந்தேன். அந்த நாள் வந்தபோது நீ இல்லையேடா, பாவி.