கம்மாபுரத்துக்குப் போன கடை

மச்சான்,

இன்று காலை கூரியர்காரர் ஒரு மெல்லிய உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே என் வில்லுக்கு ஒரு புது நாண். நானே ஆன்லைனில் வாங்கிய முதல் பொருள். பிரித்ததும் மூக்கருகில் கொண்டுபோனேன். பிளாஸ்டிக் வாசனைதான் வந்தது. உன் கடை நாணில் தேன்மெழுகு மணக்கும். கட்டை விரலால் சூடு ஏறத் தேய்த்துவிட்டுத்தான் நீ அதைக் கையில் கொடுப்பாய்.

மாட்டிப் பார்த்தேன். மேல் நுனியில் மாட்டினால் கீழ் நுனிக்கு எட்டவில்லை. இத்தனைக்கும் பழைய நாணைக் கழற்றி, மேஜையில் நீட்டி, ஒன்றுக்கு இரண்டு முறை அளந்து, அறுபத்திரண்டு அங்குலம் என்று உறுதி செய்துகொண்ட பிறகே கேட்டிருந்தேன். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததை இன்றைக்குத்தான் படித்தேன். சொல்லவேண்டியது நாணின் நீளம் அல்ல, வில்லின் நீளமாம்; அதில் நாலு அங்குலம் குறைத்துத்தான் நாண் செய்வார்களாம். அறுபத்தாறு அங்குல வில் என்று சொல்லியிருந்தால் சரியான நாண் வந்திருக்கும். நான் அளக்காமல் இருந்திருந்தால் தப்பு நடந்திருக்காது.

உன் கடையில் நாண் கேட்டால் நீ முதலில் கேட்பது, "எந்த வில்லுக்கு?" என்பதைத்தான். "ஸ்கேல் வச்சி அளந்தீங்களா மாமா? அப்ப தப்பாத்தான் இருக்கும்" என்று நீ சொல்வது போல இருந்தது. சிரித்துவிட்டேன். உன் அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "தனியா இன்னா சிரிப்பு?" என்றாள். "உன் தம்பிதான்" என்றேன். அவளும் சிரித்தாள். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இந்த வீட்டில் உன் பேச்சு எடுத்தால் இன்னமும் சிரிப்புதான் முதலில் வருகிறது. மற்றது பின்னால் வருகிறது.

கல்லூரி நூலகத்திலிருந்து ஓய்வு பெற்று, சிதம்பரம் வீட்டில் புத்தக அலமாரியை மறுபடி மறுபடி அடுக்கிக்கொண்டிருந்த என்னைக் கடலூரில் உன் விளையாட்டுச் சாமான் கடைக்கு இழுத்துப்போய் வில்லைப் பிடிக்க வைத்தவன் நீ. "கண்ணு நல்லா தெரியுது, கை நடுங்கல, வேற இன்னா வேணும்?" மனம் நடுங்குகிறதே என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. கடை நடுவில் என்னை நிற்க வைத்து, "கைய விரிங்க மாமா, பறக்கிற மாதிரி" என்றாய். ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனி வரை டேப்பை ஓட்டினாய். அதை இரண்டரையால் வகுத்தால் நாணை எவ்வளவு இழுக்கலாம் என்று தெரியும் என்றாய். வாசலில் போன நான்கு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பறக்கிற மாதிரி நின்றது என் வாழ்க்கையில் அதுதான் முதல்முறை.

நீ டீலராக இருந்த கம்பெனிக்கு ஒரு கண்டிப்பான விதி. அவர்களுடைய வில்லை ஆன்லைனில் விற்கக் கூடாது, பார்சலில் அனுப்பக் கூடாது. டீலர் நேரில் அளந்து, பொருத்திப் பார்த்துத் தன் கடையில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். உனக்கு அந்த விதி மிகவும் பிடிக்கும். கடைக்கு வந்து அளவு எடுத்துக்கொண்டு, வாசலில் நின்றே போனில் வேறு வில்லை ஆர்டர் போடுகிறவர்களைப் பார்த்து, "அளவு எங்கிட்ட, ஆர்டர் அங்கியா? பொண்ணு பாக்க ஒரு வூடு, கல்யாணத்துக்கு இன்னொரு வூடா?" என்று சத்தம் போடுவாய். அதே ஆள் பொருந்தாத வில்லோடு திரும்பி வந்தால் திட்டிக்கொண்டே சரிசெய்தும் கொடுப்பாய்.

எனக்கு எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாது. இப்போதும் தெரியவில்லை. விதி உன் கடையைக் காத்தது உண்மை. ஆனால் கடை இல்லாத ஊர்க்காரர் எங்கே போவார்? கேட்க நினைப்பேன், கேட்கமாட்டேன். எனக்குப் பதிலாக அதைக் கேட்டவள் செல்வி.

ஒரு சனிக்கிழமை. கம்பெனியின் ஆங்கிலக் கடிதங்களை உனக்குப் படித்துச் சொல்ல நான் வந்திருந்தேன். போன் வந்தது. நீ ஸ்பீக்கரில் போட்டாய். கம்மாபுரத்தில் இ-சேவை மையம் நடத்துகிறவள், சக்கர நாற்காலியில் இருப்பவள், இரவல் வில்லில் பழகி மாவட்ட வில்வித்தை அணித் தேர்வு வரை வந்துவிட்டவள். தேர்வுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. இரவல் கொடுத்தவர் வில்லைத் திருப்பிக் கேட்டுவிட்டார்.

"இந்த ஊருக்கே நான்தான் சார் எல்லாத்தையும் ஆன்லைன்ல போட்டுக் குடுக்கறேன். எனக்கு ஒரு வில்லு வாங்க முடியல. பார்சல் போட்டா இன்னா சார்?"

"போட்டா டீலர்ஷிப் போயிடும்மா. நீ வரலாமே?"

"பஸ்ல என்னை ஏத்தறவங்க நாற்காலிய ஏத்தமாட்டாங்க. நாற்காலிய ஏத்தறவங்க என்னை மறந்துடுவாங்க."

நீ சிரித்தாய். போனை வைத்ததும் என் பக்கம் காகிதத்தைத் தள்ளினாய். கம்பெனிக்கு அனுமதி கேட்டு எழுதச் சொன்னாய். நான் எழுதினேன். மன்னிப்பும் பணிவும் கலந்து ஒரு பக்கத்துக்கு எழுதியதில், நாம் என்ன கேட்கிறோம் என்பதே கடைசி வரியில்தான் வந்தது. பதில் வரவில்லை.

"மாமா, நீங்க எழுதனதுக்கு பதில் வர்றதுக்குள்ள அந்தப் பொண்ணுக்குப் பேரன் பொறந்துடுவான்" என்றாய் மூன்றாம் நாள். "கடையில வச்சிதான குடுக்கணும்? கடைய எடுத்துக்கினு போவோம்."

ஸ்டூல் மேல் ஏறி, உள்ளே மாட்டியிருந்த டீலர் பலகையைக் கழற்றினாய். இது விதிக்குள் வருமா என்று கேட்டேன். "டீலர் நானு, பலகை இது, அளக்கறது நானு. சுவரு மட்டுந்தான வரல?" என்றாய்.

பஸ்ஸில் இரண்டு வில் பெட்டிகளை நீ பிடித்துக்கொண்டாய். பலகை என் மடியில். கண்டக்டர் பார்த்தார். "இன்னா பெருசு, கடையவே தூக்கிக்கினு போறீங்க?"

"ஆமாங்க, கம்மாபுரத்துல திறக்கறோம். வாங்க" என்றாய்.

"பலகைக்கு டிக்கெட் எடுத்தாச்சா?"

எடுக்கவேண்டுமோ என்று நான் பயந்து பர்ஸைத் திறந்தேன். பஸ்ஸே சிரித்தது.

செல்வியின் மையத்துச் சுவரில் காலண்டரைக் கழற்றிவிட்டு, அந்த ஆணியில் பலகையை மாட்டினாய். பிறகுதான் பெட்டியைத் திறந்தாய். அவள் இணையத்தில் அளவு அட்டவணை பார்த்து எழுபது அங்குல வில் கேட்டிருந்தாள். அவள் கை நீளத்துக்கு அதுதான் சரி என்று நீயும் ஒத்துக்கொண்டாய். கையில் கொடுத்து மெல்ல இழுக்கச் சொன்னாய். பாதி இழுப்பதற்குள் வில்லின் கீழ் நுனி நாற்காலிச் சக்கரத்தில் இடித்தது.

அவள் முகம் சுருங்கியது. "அட்டவணையில சரியாத்தான சார் இருந்துச்சி?"

"அட்டவணைக்கு உன் கை தெரியும்மா, உன் சக்கரம் தெரியாது" என்று அறுபத்தாறு அங்குல வில்லை எடுத்தாய். இழுத்தாள். இடிக்கவில்லை. இரண்டு பெட்டிகளை நீ ஏன் சுமந்து வந்தாய் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"பாத்தியா, இதுக்குத்தான் நேர்ல வாங்கணும்னு ரூலு" என்றாய் பெருமையாக.

செல்வி விடவில்லை. "அப்ப கடைதான் நேர்ல வரணும்னு ரூல் போடச் சொல்லுங்க சார்."

நீ எழுபது அங்குல வில்லைப் பெட்டிக்குள் வைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாய்.

பலகைக்குக் கீழே கையில் வில்லோடு அவளை ஒரு போட்டோ எடுத்து, அன்றைக்கே உன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாய். வேண்டாம் என்றேன். நீ கேட்கவில்லை. வேறோர் ஊர் டீலர் அதைக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார். அடுத்த சனிக்கிழமை சென்னையிலிருந்து மேலாளர் அழைத்தார். கடைக்கு வெளியே விற்றதாகப் புகார், டீலர்ஷிப்பை ஏன் ரத்து செய்யக் கூடாது என்றார். வில் வியாபாரம் போனால் உன் கடையில் கேரம் போர்டும் கிரிக்கெட் மட்டையும்தான் மிஞ்சும். உனக்குக் கோபம் ஏறியது. நீ வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்று தெரிந்தது. எப்படி என்று இன்றும் தெரியவில்லை, போனை நான் வாங்கிவிட்டேன்.

"சார், டீலர் அங்கே இருந்தார். அளந்தார். பலகையும் இருந்தது. மடியில் வைத்து எடுத்துப் போனவன் நான்."

"பலகையையா? பஸ்ஸிலா?" என்றார் மேலாளர்.

"ஆமாம் சார். டிக்கெட் எடுக்கவில்லை. கண்டக்டர் கேட்கத்தான் கேட்டார்."

அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்து முடித்து, "சரி, இனிமேல் போட்டோ மட்டும் போடாதீங்க" என்று வைத்துவிட்டார். நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "மாமா, உங்களுக்குள்ள ஒரு ரவுடி இருக்கான்" என்று டீக்கடை வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாய். செல்வி தேர்வில் தேறினாள். பலகை இன்னும் சில ஊர்களுக்குப் போய்வந்தது, போட்டோ இல்லாமல்.

டீலர்ஷிப் உன் பேரில் இருந்தது, உன்னோடு முடிந்தது. கடையை உன் மனைவி நன்றாகவே நடத்துகிறாள். வில் மட்டும் அங்கே இல்லை. இந்தப் பக்கத்தில் வில் வேண்டுமென்றால் ஆன்லைன்தான். அதற்கும் பலபேர் செல்வியிடம்தான் வருகிறார்கள். அவளோ, "சார் வந்து கையப் பாக்காம நான் பட்டனத் தட்டமாட்டேன்" என்று என் நம்பரைக் கொடுத்துவிடுகிறாள். உன் டேப் என் பையில்தான் இருக்கிறது. முதலில் ஒரு வீட்டு அழைப்புமணியை அடிக்கத் தயங்கி, தெருமுனை வரை திரும்பிப் போய் வந்தேன். இப்போது அடித்துவிடுகிறேன்.

நாளை செம்மங்குப்பம். ஆலையில் ஷிப்டு வேலை பார்ப்பவர். கொஞ்சம் குள்ளமானவர் என்றாள் செல்வி. காலையில் வந்த நாணைத் திருப்பி அனுப்பாமல் பையில் வைத்திருக்கிறேன். அறுபத்திரண்டு அங்குல வில் அவருக்குப் பொருந்தினால் என் தப்புக்கும் ஒரு பிழைப்பு கிடைக்கும். ஆனால் அதை நான் முன்கூட்டியே முடிவு செய்யக் கூடாது. முதலில் அளக்க வேண்டும்.

சற்றுமுன் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். "கையை விரிங்க, பறக்கிற மாதிரி." எனக்கே சரியாகக் கேட்கவில்லை. உள்ளேயிருந்து உன் அக்கா குரல் கொடுத்தாள்: "இன்னும் சத்தமா சொல்லுங்க. அவன் சொல்றாப்பல."

சொன்னேன் மச்சான். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.