அண்ணனுக்குக் குதிரை பார்த்தது

மார்ச் 4
அண்ணன் மறுபடி குதிரை ஏற வேண்டுமாம். பார்வை போன இந்த இரண்டு வருடத்தில் அவராக வாய்திறந்து கேட்டது இது ஒன்றுதான். அண்ணி தட்டை ஓசையோடு வைத்தார். "விழுந்தா யாரு பார்க்கிறது?" எனக்கும் குதிரை என்றால் உதறல். ஆனாலும் "நான் போய் ஏறிப் பார்த்துட்டு வரேன்" என்று சொல்லித் தொலைத்தேன்.

மார்ச் 9
குதிரை லாயம் நடத்தும் அம்மா என்னை முதலில் ஏற்றியது, பந்தயத்தில் ஓடி ஓய்ந்த தரோபிரெட் இனக் குதிரையில். பயத்தில் கடிவாளத்தை இழுத்தேன் — வேகமெடுத்தது! இன்னும் இழுத்தேன், இன்னும் வேகம். "கையைத் தளர்த்தும்மா!" தளர்த்தினேன், நடைக்கு வந்துவிட்டது. கடிவாளம் இறுகினால் ஓட வேண்டும் என்று பந்தயத்தில் பழகியதாம். பாவம், நான் சொன்னபடிதான் கேட்டிருக்கிறது.

மார்ச் 10
தொடை வலி. மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை. நான் நடப்பதைப் பார்த்துக் கூட வேலை செய்பவர்கள் சிரிக்கிறார்கள்.

மார்ச் 16
இன்று பார வண்டி இழுக்கும் இனம். முதுகு கட்டில் அகலம். பக்கத்தில் தகர வாளி விழுந்தும் காதை அசைக்கவில்லை. குதிகாலால் தட்டினால், யோசித்து, தீர்மானம் போட்டு, பிறகு ஓர் அடி. இதுதான்! அண்ணிக்கு உடனே போன்.

மார்ச் 18
சும்மா ஒரு அரபுக் குதிரையும் பார்த்தேன், சாம்பல் நிறப் பெண். "கெட்டிக்காரி. ஆனா ஒரு பை பறந்தாலும் துள்ளுவா" என்றார் அந்த அம்மா. துள்ளினாள். வேண்டவே வேண்டாம். ஆனால் என் சட்டைப் பை, மூக்குக் கண்ணாடி, தலைமுடி என்று ஒவ்வொன்றாக மோந்து பார்த்தாளே — இவளுக்கு எதற்கு இத்தனை ஆராய்ச்சி?

மார்ச் 23
அண்ணன் வண்டிக் குதிரையில் ஒரு சுற்று வந்து இறங்கினார். "சோபாவுல உட்கார்ந்த மாதிரி இருக்கு பாப்பா. அதுக்கு வீட்டுலயே இருந்திருக்கலாம்." எனக்குச் சுருக்கென்றது.
பிறகு அரபுக்காரியின் கழுத்தில் கை வைத்தார். அசையாமல் நின்றார். "வலது பக்கம் என்ன இருக்கு?"
"ஒண்ணுமில்லையே... ஒரு பூனை. மதில் மேல."
"சொல்றா பாரு! கழுத்து இறுகுது, மூச்சு மாறுது." சிரித்தார். அந்தச் சிரிப்பு எப்படியிருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. கூட வந்திருந்த அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
நான் பயந்தாங்கொள்ளித்தனம் என்று நினைத்ததா இது?

ஏப்ரல் 2
லாயக்கார அம்மா நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் ஏறிய அரபுக்காரியை வட்டமாகச் சுற்றவிடுகிறார். இன்று துள்ளினாள். அண்ணன் விழவில்லை. "துள்ளப் போறாள்னு முன்னாடியே தெரிஞ்சுது" என்றார்.

ஏப்ரல் 27
கயிறு இல்லாமல், தோப்புப் பாதையில். அண்ணன் முன்னால், நான் வண்டிக் குதிரையில் பின்னால். (ஆமாம், நான்!) வளைவுக்கு முன் அரபுக்காரி நின்றுவிட்டாள். என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அண்ணன் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். சற்றுக் கழித்து வளைவிலிருந்து ஒரு சைக்கிள் வந்தது.
வீட்டில் அண்ணி கேட்டார்: "பாதையில என்னவெல்லாம் இருந்துச்சு?" நான் சொல்ல வாயெடுத்தேன். "உன்னைக் கேக்கல" என்றார்.
அண்ணன் சொல்லத் தொடங்கினார். இதை எழுதும்போதும் கூடத்தில் அவர் குரல்தான்.